ஒருவன் மறுத்தால் உலகம் மாறிவிடுமா?

“நான் ஒருவன் மாட்டேன் என்று நின்றால் உலகம் திருந்திவிடுமா?” இந்தக் கேள்வி எழாத வீடு இல்லை. தராசில் விரல் வைக்கும் வியாபாரி இதைக் கேட்கிறார். இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்குகிறவர் கேட்கிறார். கண்ணால் காணாத காரியத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவரும் கேட்கிறார். கெட்டவர்கள் மட்டும் கேட்பதாயிருந்தால் இதைப்பற்றி எழுத வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர்கள், பிள்ளைகளைச் செபமாலை சொல்லவைத்து வளர்ப்பவர்கள், அவர்களுங்கூட நெருக்கடி வரும் வேளையில் இந்தக் கேள்வியின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

கேள்வியில் ஓரளவு உண்மை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஒருவன் மறுப்பதால் பெரும்பாலும் எதுவும் நின்றுவிடுவதில்லை. அவன் செய்யாததை அடுத்தவன் செய்துவிடுவான். நஷ்டமோ மறுத்தவனையும் அவன் மனைவி மக்களையும் வந்து சேரும். அப்படியானால் மறுப்பதில் என்ன பயன்? இதற்கு வெறும் சொல்லால் பதில் கூறுவது எளிது. ஒரு மனிதருடைய வாழ்வைக்கொண்டு பதில் தேடுவோம்.

சரித்திரத்தில் இடம் பெற்றவர்கள் என்றவுடன் படை நடத்தினவர்களும், தேசம் ஆண்டவர்களும், பெரிய நூல்கள் இயற்றினவர்களுமே நம் நினைவுக்கு வருவார்கள். நாம் எடுத்துக்கொண்டவர் இவற்றில் ஒன்றும் செய்யாத ஒரு குடியானவர். ஆஸ்திரியா தேசத்தில், பவேரியா எல்லையை ஒட்டிய சாங்க்ட் ராடேகுண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். பெயர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். நாம் பிராஞ்சீஸ்கு என்று சொல்லும் பெயரையே அந்நாட்டார் பிரான்ஸ் என்பார்கள். ஹிட்லர் பிறந்த பிரௌனௌ நகரமும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஒரே மண்ணில் பிறந்த இருவரில் ஒருவர் உலகத்தையே கொளுத்தினார். மற்றவர் அந்தத் தீக்கு ஒரு சுள்ளிகூட எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றார்.

யேகர்ஸ்டேட்டர் பிறந்தது 1907-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி. தாயார் ஒரு பண்ணை வேலைக்காரி. தகப்பனாருக்கும் அவருக்கும் திருமணம் நடக்கவில்லை. தகப்பனார் முதல் உலக யுத்தத்தில் மாண்டார். பாட்டி வளர்த்த பிள்ளை அவர். பிறகு தாயாரை மணந்த குடியானவர் பையனைத் தம் மகனாக ஏற்று, தம் பெயரையும் நிலத்தையும் கொடுத்தார். வாலிபத்தில் அவர் பிறவியிலேயே புண்ணியவான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரிலேயே முதன்முதல் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். சில காலம் இரும்புச் சுரங்கத்தில் கூலி வேலை செய்தார். திருமணத்துக்கு முன்பே அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையை அவர் கைவிடவில்லை. 1936-ம் ஆண்டு பெரிய வியாழக்கிழமையன்று பிரான்சிஸ்கா என்ற பெண்ணை மணந்தார். மணம் முடித்த கையோடு இருவரும் உரோமாபுரிக்கு யாத்திரை போய் வந்தார்கள். அந்த இல்லறமே அவருடைய விசுவாசத்தை ஆழப்படுத்தியது என்று ஊரார் சொன்னார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து செபித்தார்கள். சேர்ந்து வேதாகமம் வாசித்தார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன.

1938-ம் ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லரின் சேனை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10-ந் தேதி, ஜெர்மனியுடன் இணைவதற்குச் சம்மதமா என்று குடிகளிடம் வாக்குக் கேட்டார்கள். அந்நாட்டு மேற்றிராணிமார்களே சம்மதம் தெரிவிக்கும்படி அறிக்கை விடுத்திருந்த காலம் அது. சாங்க்ட் ராடேகுண்டில் ‘சம்மதமில்லை’ என்று வாக்களித்தவர் யேகர்ஸ்டேட்டர் ஒருவரே. ஊர்த்தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது; வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்கென்று அந்த அரசு கொடுத்த உதவித்தொகையையும் வாங்க மறுத்தார். கட்சிக்காரர்கள் நன்கொடை வசூலிக்க வந்தால் கொடுப்பதில்லை. ஏழைகள் வந்தால் கொடுத்தனுப்புவார்.

ஆயினும், இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டாளத்துக்கு அழைப்பு வந்தபோது முதலில் அவர் போகவே செய்தார். 1940-ம் ஆண்டில் இருமுறை அழைக்கப்பட்டு, பயிற்சியும் பெற்றார். ஊர் அதிகாரிகளின் பரிந்துரையால், பயிர்த்தொழிலுக்குத் தேவையானவர் என்று 1941-ம் ஆண்டு வீடு திரும்பினார். அதன்பின் பங்குக் கோவிலில் கோவிற்பிள்ளையாக ஊழியம் செய்து, நாள்தோறும் நன்மை வாங்கிவந்தார். ஆனால் பட்டாளத்தில் கண்டதும் கேட்டதும் அவர் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. சித்த சுவாதீனமற்ற நோயாளிகளை அரசாங்கமே கொல்லுகிறது என்ற செய்தி அவரை உலுக்கிற்று. குருக்கள் சிறைப்பட்டார்கள், அவருடைய சொந்தப் பங்குச் சுவாமியாரும் கைதானார். அயல் நாடுகளின்மேல் பாய்ந்து கொள்ளையிடும் இந்த யுத்தம் நீதியான யுத்தமா? நீதியற்றது என்று நன்றாகத் தெரிந்தபின் அதற்குத் துப்பாக்கி தூக்கலாமா? இப்படி அவர் மனம் இரண்டு வருஷகாலம் போராடியது. மறுபடியும் அழைத்தால் போவதில்லை என்று தீர்மானித்தார்.

தம் எண்ணத்தையே பெரிதாக எண்ணி நின்றவரல்லர் அவர். அறிந்த குருக்களிடம் ஆலோசனை கேட்டார். லின்ஸ் நகருக்குப் போய், மேற்றிராணியார் ஜோசப் பிளீசர் ஆண்டவரைக் கண்டு பேசினார். குடும்பத்தை நினைக்கும்படியும், மேலதிகாரிகள் செய்யும் காரியங்களுக்குச் சாதாரணக் குடிமகன் பொறுப்பாளியல்லன் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. மேற்றிராணியார் தம்மை ஒற்றன் என்று ஐயுற்றதால் மனம் திறந்து பேசவில்லையோ என்று அவர் எண்ணினார். தாயார் மன்றாடினார். உறவினர் ஒருவர்பின் ஒருவராக வந்து புத்தி சொன்னார்கள். எல்லோரும் ஒரே வாக்காகச் சொன்னது ஒன்றுதான்: “நீ ஒருவன் மறுப்பதால் என்ன ஆகப்போகிறது?”

1943-ம் ஆண்டு பிப்ரவரியில் அழைப்பு வந்தது. மார்ச் முதல் தேதி என்ஸ் நகரத்துப் பட்டாள முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அறிவித்தார். உடனே சிறை. லின்ஸில் இரண்டு மாதம், பிறகு பெர்லின். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யச் சித்தமாயிருக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார், ஏற்றுக்கொள்ளவில்லை. ஜூலை 6-ந் தேதி யுத்த நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மனைவியும் பங்குச் சுவாமியாரும் பெர்லினுக்குப் போய் அவரை ஒருமுறை கண்டுவந்தார்கள். பிராண்டன்புர்க் சிறைச்சாலையில், கடைசி வேளையில் அவரைச் சந்தித்த குருவானவர், ஒரு கையெழுத்தில் உயிர் பிழைக்கக்கூடிய தாள் மேசைமேல் கிடந்தது என்று பின்னர் தெரிவித்தார். யேகர்ஸ்டேட்டர் அதைத் தொடவில்லை. 1943-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி மாலை 4 மணிக்கு அவர் சிரம் வெட்டப்பட்டது. வயது 36. பிரான்சிஸ்கா பெற்ற மூன்று பெண்களில் மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

யுத்தம் ஒரு நாள் முன்னதாக முடிந்ததா? இல்லை. ஒரு துப்பாக்கி குறைந்ததா? அவர் இடத்துக்கு வேறொருவர் போயிருப்பார். ஹிட்லரின் பட்டாளத்தில் சேவித்த ஆஸ்திரியர் 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அந்தக் கணக்கில் ஒன்று குறைந்தால் தெரியவா போகிறது? ஆகவே, அவர்மேல் சொல்லப்பட்ட மூன்று குறைகளையும் நாம் நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது குறை: இது அகங்காரம் அல்லவா? மேற்றிராணியாரும் குருக்களும் போகலாம் என்கையில், எட்டு வருஷம் படித்த ஒரு குடியானவர் கூடாது என்று நிற்பது கீழ்ப்படியாமை அல்லவா? அதிகாரங்களுக்கு அமைந்து நடக்கும்படி அர்ச். சின்னப்பர் போதித்திருக்கிறாரே!

அகங்காரத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: தன்னைப்போல் செய்யாதவனை அது இகழும். யேகர்ஸ்டேட்டரோ பட்டாளத்துக்குப் போன தம் ஊராரில் ஒருவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. தமக்குக் கிடைத்த வெளிச்சத்தைத் தேவ வரப்பிரசாதமாகவே எண்ணினார். இங்கிலாந்தின் முதல் மந்திரிக்கொத்த பெரும் பதவியில் இருந்த அர்ச். தாமஸ் மூரை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. திருச்சபைக்கு அரசனே தலைவன் என்பதற்கு இசைய மறுத்ததற்காக அவர் 1535-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி தலை வெட்டுண்டார். அந்நாட்டு மேற்றிராணிமார்களில் அர்ச். ஜான் பிஷர் தவிர ஏனையோர் அரசனுக்கு இணங்கிவிட்டிருந்தார்கள். சத்தியம் செய்துகொடுத்த எவருடைய மனச்சாட்சியையும் தாம் தீர்ப்பிடப்போவதில்லை என்பதே மூரின் நிலை. ஒருவர் இராச்சியத்தின் மந்திரி, மற்றவர் மாட்டுத்தொழுவத்தில் உழைத்தவர். இருவரிடமும் இருந்த மனத்தாழ்ச்சி ஒன்றே. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதலைப் பொறுத்தமட்டில், அதற்கும் ஓர் எல்லை உண்டு. சங்கத்தார் முன் நிறுத்தப்பட்டபோது அர்ச். இராயப்பர் அந்த எல்லையைத் தெளிவாகக் காட்டிவிட்டார். சர்வேசுரனுடைய கற்பனை தொடங்குமிடத்தில் மனிதனுடைய கட்டளை நின்றுபோகிறது.

இரண்டாவது குறை இன்னும் கடினமானது: குடும்பத்தைக் கைவிட்டாரே! மூன்று பெண் பிள்ளைகள், வயது முதிர்ந்த தாய், உழ வேண்டிய நிலம். தன் மனச்சாட்சியின் சமாதானத்துக்காக மனைவியை விதவையாக்க ஒருவனுக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடுகிறவர்கள் குடும்ப பாரம் சுமந்தறியாதவர்களாகவே இருக்க வேண்டும். அந்தச் சிலுவையின் பாதிப் பாரத்தைச் சுமந்தவர் பிரான்சிஸ்கா. தொடக்கத்தில் அவரும் கணவரைத் தடுக்கப் பார்த்தார். பிறகு, தாமும் எதிர்த்துப் பேசினால் தம் கணவருக்கு இந்த உலகில் துணைநிற்க ஒருவரும் இருக்கமாட்டார் என்று கண்டு, அவர் பக்கம் நின்றார். நிலத்தைத் தாமே உழுதார். புருஷனைத் தடுக்கத் தெரியாதவள் என்று ஊரார் சிலர் பழி சொன்னார்கள். யுத்தத்தில் இறந்தவர்களின் விதவைகளுக்கு உரிய பணம் அவருக்கு முதலில் மறுக்கப்பட்டது. 1950-ம் ஆண்டில்தான் கிடைத்தது. இத்தனையும் உண்மை.

ஆனால் இன்னொன்றும் உண்மை. பட்டாளத்துக்குப் போனவர்களும் மனைவி மக்களை விட்டுத்தான் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. போனவனைப் பார்த்துக் குடும்பத்தைக் கைவிட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை! ஹிட்லருக்காகச் சாவது கடமை என்றும், மனச்சாட்சிக்காகச் சாவது பொறுப்பின்மை என்றும் சொல்லுகிற தராசு சரியான தராசாக இருக்க முடியாது. மேலும், தகப்பன் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது சோறும் துணியும் மட்டுந்தானா? தன் உயிருக்கு அஞ்சி அயலானின் உயிரைப் பறிக்க இசைந்த தகப்பன் வீடு திரும்பினால், பிள்ளைகளுக்கு எந்தக் கற்பனையைக் கற்றுக்கொடுப்பான்? யேகர்ஸ்டேட்டர் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் பிள்ளைகளைப் பற்றிய ஏக்கம் நிறைந்திருக்கிறது. மனைவி மக்களைக் குறைவாக நேசித்ததால் அவர் இறக்கவில்லை. நேசித்துக்கொண்டே இறந்தார், அதனால்தான் அது பலியாயிற்று.

மூன்றாவது குறை, நாம் தொடங்கிய இடத்துக்கே நம்மைக் கொண்டுவந்து விடுகிறது: பயன் என்ன?

அவர் இறந்தபோது கண்ணுக்குத் தெரிந்த பயன் ஒன்றுமில்லை. அதற்குப் பின்னும் நெடுங்காலம் இல்லை. 1946-ம் ஆண்டு அவருடைய சாம்பலைக் கொண்டுவந்து, ஊர்க் கோவிலின் சுவரோரமாக அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டில் லின்ஸ் மேற்றிராசனத்து ஞானப் பத்திரிகையில் அவரைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட முயன்றார்கள். விசுவாசிகளின் மனம் குழம்பும் என்று அஞ்சி மேற்றிராணியார் அதை நிறுத்திவிட்டார். மகனையும் கணவனையும் யுத்தத்தில் பறிகொடுத்த குடும்பங்கள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தன. அவர்களுடைய துக்கத்தை எண்ணிப் பார்த்தால், அந்தத் தயக்கத்தை நாம் கடுமையாகப் பேசத் தேவையில்லை. ஆயினும் ஒரு பெயர் மறைந்துபோக வேண்டிய எல்லா ஏற்பாடும் நடந்துவிட்டது.

பெயர் மறையவில்லை. பெர்லின் சிறையில் யேகர்ஸ்டேட்டரைச் சந்தித்த கிரெய்ட்ஸ்பெர்க் என்ற குருவானவர், ஹிட்லருக்குப் பிரமாணம் செய்ய மறுத்து 1942-ல் கொல்லப்பட்ட பிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவைப்பற்றி அவருக்குச் சொல்லியிருந்தார். தமக்கு முன்னே ஒருவர் இதே பாதையில் போயிருக்கிறார் என்றறிந்து யேகர்ஸ்டேட்டர் பெரிதும் ஆறுதல் அடைந்தார். (ரைனிஷ் சுவாமியார் மறுத்ததற்கும் பயன் என்ன என்று அக்காலத்தில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு பயன் இதோ!) பின்னாளில் கிரெய்ட்ஸ்பெர்க் சுவாமியார் ரைனிஷின் சரித்திரத்தை எழுதியபோது, இந்தக் குடியானவரைக் குறித்தும் சில பக்கங்கள் எழுதினார். கோர்டன் சான் என்ற அமெரிக்கக் கத்தோலிக்க அறிஞர் வேறொரு விஷயமாக ஆராய்ந்துகொண்டிருக்கையில் அந்தப் பக்கங்கள் அவர் கண்ணில் பட்டன. சாங்க்ட் ராடேகுண்டுக்கே போய், தெரிந்தவர்களை எல்லாம் விசாரித்து, 1964-ம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். இருபத்தொரு ஆண்டு மண்ணுக்குள் கிடந்த விதை அன்றுதான் முளைகாட்டியது.

அச்சமயம் இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம் நடந்துகொண்டிருந்தது. முன்பு நம் பம்பாய் நகரின் அதிமேற்றிராணியாராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ் ஆண்டவர், சங்கத்துக்குச் சமர்ப்பித்த கருத்தில் இந்தக் குடியானவருடைய கதையை எடுத்துக்காட்டினார். மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குத் தேசச் சட்டங்கள் மனிதத் தன்மையோடு இடம் தரவேண்டும் என்று, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய 1965-ம் ஆண்டு ஏட்டில் சங்கம் எழுதிவைத்தது. அந்த ஏட்டுக்குக் காரணமானவர்கள் பலர். யேகர்ஸ்டேட்டர் ஒருவரால் அது வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் அவர் பெயரும் அங்கே ஒலித்தது.

1997-ம் ஆண்டு பெர்லின் நீதிமன்றம் ஒன்று அவர்மேல் விதிக்கப்பட்ட தீர்ப்பைச் செல்லாது என்று தள்ளியது. 2007-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி, லின்ஸ் நகரத்துப் பேராலயத்தில், அவர் வேதசாட்சியாக முத்திப்பேறு பட்டம் பெற்றார். குடும்பத்தை நினைத்துக்கொள் என்று அவருக்குச் சொல்லப்பட்ட அதே நகரம் அது. 94 வயதான பிரான்சிஸ்கா, மகள்கள் சூழ, அங்கே இருந்தார். 64 ஆண்டு விதவையாக வாழ்ந்து, தம் கணவருக்குத் திருச்சபை அளித்த மகிமையைத் தம் கண்ணாலேயே கண்ட அந்த மாதாவின் உள்ளத்தில் அன்று என்ன ஓடியிருக்கும்! 2013-ம் ஆண்டு, நூறு வயது நிறைந்தபின் அவர் மரித்தார்.

அன்பார்ந்த வாசகர்களே, இவ்வளவையும் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, கடைசியில் பயன் விளைந்துவிட்டது” என்று நாம் திருப்தியோடு எழுந்துவிடக் கூடாது. பாடம் அதுவன்று. அந்தச் சில பக்கங்கள் எழுதப்படாமல் போயிருந்தால்? அந்த அமெரிக்க அறிஞர் அவற்றைக் காணாமலே தாண்டியிருந்தால்? இன்று நமக்கு யேகர்ஸ்டேட்டர் என்ற பெயரே தெரிந்திராது. ஆயினும் அவர் செய்தது இம்மியும் குறைந்திருக்காது. அவரைப்போலவே மறுத்து, எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் போனவர்களைச் சர்வேசுரன் ஒருவரே அறிவார்.

உழுகிறவன் விதையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மழை அவன் கையில் இல்லை. யேகர்ஸ்டேட்டர் உழவராயிருந்ததால் இதை அறிந்திருந்தார் போலும். ஹிட்லரை நிறுத்தும் பொறுப்பு தம்முடையதென்று அவர் நினைக்கவில்லை. உலகத்தை மாற்றுவேனா என்ற கேள்வியும் அவரை அலைக்கழிக்கவில்லை. இந்தக் காரியத்துக்கு என் கையைக் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டார். கடைசி நாளில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கும் நம்முடைய கையின் கணக்குத்தானே! ஊராரின் கணக்கை ஊராரிடமும், அரசனின் கணக்கை அரசனிடமும் ஆண்டவர் கேட்டுக்கொள்வார்.

நம்மில் பெரும்பாலோர்முன் அப்படிப்பட்ட மரணச் சோதனை வரப்போவதில்லை. நமக்கு வருவது ஒரு பொய்க் கணக்கு, ஒரு கள்ளக் கையெழுத்து, பலமில்லாத ஒருவனை எல்லோரும் சேர்ந்து ஏமாற்றும்போது நாமும் பேசாமலிருக்கும் ஒரு மௌனம். மறுத்தால் உத்தியோகத்தில் சிறு நஷ்டம். சொந்தக்காரரிடத்தில் கொஞ்சம் மனஸ்தாபம். அவ்வளவே. அவ்வேளையில், “நான் ஒருவன் மறுத்தால் உலகம் மாறிவிடுமா?” என்று பழைய கேள்வி வாயில் வந்து நிற்கும். மாறாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மறுக்காவிட்டால் நாம் மாறிவிடுவோம். வீட்டிலுள்ள பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வாரம் குடும்பச் செபம் முடிந்தபின், யேகர்ஸ்டேட்டர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிரான்சிஸ்காவின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கதைதான். கதை முடிந்ததும், “அப்பா, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?” என்று பிள்ளை கேட்கக்கூடும். உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். நாளைக் காலையில் கடைக்கோ கச்சேரிக்கோ போகும்போது அந்தக் கேள்வியை உடன் கொண்டுபோங்கள்.